வால்வின் நேரமும் ஆயிலின் தரமும்: கார் எஞ்சினின் வி.வி.டி பழுது குறித்து ஓர் ஆய்வு

சிக்னலில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. சில நேரம் அணைந்தே போகிறது. மேம்பாலம் ஏறினால் பழைய இழுவை இல்லை. மைலேஜ் குறைந்திருக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் திரையில் பி-0011 என்று வருகிறது. “வி.வி.டி போயிடுச்சு சார், மாத்தணும்” என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

மாற்ற வேண்டியது எது? விரல் நீளமே உள்ள சோலனாய்டு வால்வா? கேம்ஷாஃப்டின் முனையில் இருக்கும் விலை கூடிய சக்கரமா? டைமிங் செயினா? கப்ளருக்குள் பச்சைப் பூத்துப்போன ஒரு பின்னா? அல்லது, காலம் கடந்து ஓடிக்கொண்டிருக்கும் ஆயிலா? இவற்றில் பெரும்பாலானவை ஒரே குறியீட்டை எழுப்பக்கூடியவை. இந்தப் பழுதின் சிக்கலே இதுதான். வி.வி.டி (வேரியபிள் வால்வ் டைமிங்), அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு, ஏன் வந்தது, எப்படி இயங்குகிறது, எங்கே கெடுகிறது, கெட்டதை எந்த வரிசையில் தேடுவது, எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஒருசேரப் பார்க்கிறது.

நேரம் ஏன் மாற வேண்டும்?

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். கேம்ஷாஃப்டில் உள்ள முட்டை வடிவ மேடுகள் வால்வுகளைத் திறந்து மூடுகின்றன. காற்றை உள்ளிழுக்கும் வீச்சு கிராங்க்கின் அரைச் சுற்று. நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடிலிங்கில் இருக்கும்போது இந்த அரைச் சுற்றுக்கு 40 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. 6000 சுற்றில் அதே வேலைக்கு 5 மில்லிசெகண்ட்தான்.

வேகத்தில் பாய்ந்து வரும் காற்று, பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் சிறிது நேரம் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஆகவே அதிவேகத்தில் இன்டேக் வால்வு சற்றுத் தாமதமாக மூடினால் சிலிண்டர் நன்றாக நிரம்பும். மெதுவான ஓட்டத்தில் அதே தாமதம் உள்ளே வந்த காற்றை வெளியே தள்ளிவிடும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் சிறு இடைவெளிக்கும் இப்படியே இரண்டு முகங்கள் உண்டு. ஓட்டத்தில் அது உதவும். ஐடிலிங்கில் எரிந்த புகையைப் புதுக் காற்றோடு கலந்து எஞ்சினை நடுங்க வைக்கும். கேம்ஷாஃப்ட் ஒரே கோணத்தில் இறுகியிருந்த பழைய எஞ்சின்களில் ஏதோ ஒரு வேகத்துக்குப் பொருத்தமான நேரத்தை வைத்துவிட்டு மற்ற வேகங்களில் இழப்பைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டை அவிழ்த்த முதல் விற்பனைக் கார் 1980-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். ஜாம்பாவ்லோ கார்ச்சேயா என்ற பொறியாளரின் அமைப்பு அது. 1989-இல் ஹோண்டா, இக்குவோ கஜிதானியின் வடிவமைப்பான விடெக்கை இன்டெக்ரா காரில் கொண்டுவந்தது; அது கோணத்தை நகர்த்தாமல் கேம் மேட்டையே மாற்றிப் பயன்படுத்தியது. 1992-இல் பி.எம்.டபிள்யூவின் வானோஸ், 1995-இல் டொயோட்டாவின் வி.வி.டி-ஐ என்று வரிசை நீண்டது. இன்று மாருதி சுசூகியின் கே வரிசை எஞ்சின்கள், இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கார்களின் பெட்ரோல் எஞ்சின்கள், ஹோண்டா சிட்டியின் ஐ-விடெக் என்று நடுத்தரக் குடும்பங்களின் கார்களிலேயே இந்த நுட்பம் வந்துவிட்டது. நேற்றுவரை ஆடம்பரக் கார்களின் சிக்கலாக இருந்தது இன்று தெருமுனை ஒர்க்‌ஷாப்பின் அன்றாட வேலையாகியிருக்கிறது.

வேலை செய்யும் கை

பரவலாக உள்ள அமைப்பு ஃபேசர் என்னும் சக்கரம். அதன் வெளிக்கூடு டைமிங் செயினோடு சுற்றுகிறது. உள்ளே இருக்கும் இறக்கைச் சக்கரம் கேம்ஷாஃப்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு இறக்கையின் இருபுறமும் ஆயில் அறைகள். ஒருபுறம் ஆயில் நிரம்பி மறுபுறம் வடிந்தால் கேம்ஷாஃப்ட் கூட்டுக்கு முன்னே சற்றுத் திரும்பும். எதிர்ப்புறம் நிரம்பினால் பின்னே திரும்பும். இரண்டு பக்கமும் அடைத்தால் இருந்த கோணத்தில் நிற்கும்.

எந்தப் பக்கம் ஆயில் போக வேண்டும் என்பதை ஆயில் கன்ட்ரோல் வால்வு முடிவு செய்கிறது. நம் மெக்கானிக்குகள் ‘வி.வி.டி சோலனாய்டு’ என்பது இதைத்தான். உள்ளே நகரும் சிறு தண்டு ஒன்று. அதைத் தள்ள ஒரு மின்சுருள். சில எஞ்சின்களில் வழியில் ஒரு நுண்வலை. எஞ்சின் கணினி நொடிக்குப் பல முறை மின்துடிப்பு அனுப்பி அந்தத் தண்டின் இடத்தைக் கட்டுப்படுத்துகிறது. கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் தரும் துடிப்புகளை ஒப்பிட்டு, கேம்ஷாஃப்ட் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணினி அறிகிறது. வேண்டிய கோணமும் இருக்கும் கோணமும் ஒத்துவரும்வரை துடிப்பைக் கூட்டிக் குறைக்கிறது. எஞ்சினை அணைத்ததும் ஃபேசர் தன் ஓய்வுக் கோணத்துக்கு வந்து ஒரு பூட்டு முள்ளில் மாட்டிக்கொள்ளும். மறுநாள் காலை ஆயில் அழுத்தம் ஏறும்வரை அந்த முள்தான் அதை ஆடாமல் பிடித்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் ஆயில் தேய்மானத்தைத் தடுக்கிறது, சூட்டைக் கடத்துகிறது. வி.வி.டியில் கணினியின் கட்டளையை நிறைவேற்றும் கையே ஆயில்தான். அதன் அளவு, அழுத்தம், தடிமன், தூய்மை ஆகிய நான்கில் எது பிசகினாலும் கட்டளை சரியாக இருந்தும் வேலை நடக்காது. பழுதைத் தேடும் வழி முழுவதையும் இந்த உண்மையே தீர்மானிக்கிறது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

இந்தத் துறையின் குறியீடுகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் குடும்பம் மின்சுற்று பற்றியது. பி-0010 இன்டேக் கேம் சோலனாய்டின் சுற்றையும், பி-0013 எக்ஸாஸ்ட் பக்கத்தையும் குறிக்கும். கம்பி அறுந்தது, ஷார்ட் ஆனது, சுருள் எரிந்தது போன்றவை இதில் அடங்கும். இங்கே ஆயிலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

இரண்டாம் குடும்பம் செயல்பாடு பற்றியது. பி-0011 என்றால் இன்டேக் கேம் வேண்டியதைவிட முந்தி நிற்கிறது அல்லது சொன்னபடி நடக்கவில்லை. பி-0012 என்றால் பிந்தி நிற்கிறது. எக்ஸாஸ்ட் கேமுக்கு பி-0014, பி-0015. இரண்டு வரிசைச் சிலிண்டர் உள்ள எஞ்சின்களில் இரண்டாம் வரிசைக்கு பி-0021, பி-0022 என்று எண்கள் தொடரும். கட்டளை போனது, கோணம் வரவில்லை என்பது மட்டுமே இவை சொல்லும் செய்தி.

மூன்றாம் குடும்பம் பி-0016, பி-0017. கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய அடிப்படை உறவே தவறியிருக்கிறது என்பது பொருள். செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், ஃபேசர் தவறான கோணத்தில் பூட்டியிருக்கலாம், சென்சாரின் பல்சக்கரம் நகர்ந்திருக்கலாம். கிராங்க் சக்கரத்துக்கு 18 பற்கள் என்றால் செயின் ஒரு பல் தாண்டுவது 20 பாகைப் பிழை. பல எஞ்சின்களில் நேரம் பெரிதும் தவறினால் பிஸ்டனும் வால்வும் மோதும் என்பதால், இந்தக் குறியீட்டோடு செயின் சத்தமும் சேர்ந்தால் காரை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

ஓட்டுநர் உணரும் அறிகுறிகளும் துப்புத் தரும். இன்டேக் கேம் முந்திய நிலையில் சிக்கிக்கொண்டால் ஐடிலிங் கெடும், சிக்னலில் அணையும், மிஸ்ஸிங் தெரியும். பிந்திய நிலையிலேயே நின்றுவிட்டால் ஐடிலிங் ஒழுங்காக இருக்கும். பிக்கப்பும் மைலேஜும் போகும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே பழுது தலைகாட்டினால் ஆயில் அழுத்தத்தைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்திருக்கும்போது வந்து சூட்டில் மறைந்தால் ஆயில் தடிமன் அதிகமோ என்று பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு நொடி ‘கடகட’ என்று கேட்டு நின்றால் பூட்டு முள் தேய்ந்திருக்கலாம். ஆயிலைப் பிடித்து வைக்காத மட்டமான ஃபில்டரும் அதே சத்தத்தைத் தரும்.

தேடும் வரிசை

பழுது தேடுவதில் நல்ல மெக்கானிக்குக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. செலவு குறைந்த, எஞ்சினைத் திறக்காத சோதனைகள் முதலில்; பிரிக்கும் வேலை கடைசியில்.

முதலில் டிப்ஸ்டிக். ஆயில் அளவு குறைந்திருந்தால் மற்றச் சோதனைகளுக்கு முன்பே அதை நிரப்ப வேண்டும். கடைசியாக எப்போது மாற்றியது, எந்தத் தரத்தில் ஊற்றியது என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பல புதிய பெட்ரோல் கார்களின் கையேடு 0 டபிள்யூ-20 அல்லது 5 டபிள்யூ-30 என்கிறது. “நம்ம ஊர் வெயிலுக்குத் தடிமனா இருக்கட்டும்” என்று 20 டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. பழைய எஞ்சின்களில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் ஃபேசரின் குறுகிய வழிகளில் அந்த ஆயில் தாமதமாக நுழைகிறது. கணினி அந்தத் தாமதத்தைப் பழுது என்று பதிவு செய்கிறது.

அடுத்து ஸ்கேனர். குறியீட்டை மட்டும் குறித்துக்கொண்டு அழித்துவிடக் கூடாது. குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் சூடு, வேகம், சுமை என்னவாக இருந்தன என்பதைக் கணினி சேமித்து வைத்திருக்கும். அதுதான் பழுதை மீண்டும் வரவழைக்க வழிகாட்டி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வேண்டிய கோணம், உண்மையான கோணம் என்ற இரண்டு எண்களையும் அருகருகே பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் இரண்டும் ஒத்திருக்கின்றனவா? ஓட்டத்தில் வேண்டிய கோணம் ஏறும்போது உண்மைக் கோணம் உடனே தொடர்கிறதா, இழுத்துப் பறித்துக்கொண்டு வருகிறதா, அசையவே இல்லையா? மின்துடிப்பு ஏறிக்கொண்டே போயும் கோணம் நகரவில்லை என்றால் கணினி தன் வேலையைச் செய்கிறது. தடை மின்கம்பியிலோ ஆயில் வழியிலோ இரும்பிலோ இருக்கிறது.

மூன்றாவது மின்சோதனை. சோலனாய்டின் மின்தடையை அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் 20 பாகை செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். கப்ளரைக் கழற்றி ஆயில் ஊறியிருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய வேலையில் இன்டேக், எக்ஸாஸ்ட் கப்ளர்களை மாற்றிச் செருகியிருக்கும் வாய்ப்பையும் மறக்கக் கூடாது.

நான்காவது, எளிமையும் பயனும் மிகுந்த ஒரு சோதனை. எஞ்சின் சூடாக ஐடிலிங்கில் இருக்கும்போது ஸ்கேனரின் ஆக்டிவ் டெஸ்ட் மூலம் இன்டேக் சோலனாய்டை இயக்க வேண்டும். கேம் முந்திப் போவதால் எஞ்சின் நடுங்க வேண்டும் அல்லது அணைய வேண்டும். நிறுத்தியதும் ஐடிலிங் சீராக வேண்டும். நடுங்கினால் வால்வும் ஆயில் வழியும் ஃபேசரும் ஓரளவாவது வேலை செய்கின்றன என்று பொருள். எந்த மாற்றமும் இல்லை என்றால் தடை இந்தப் பாதையில்தான் இருக்கிறது. இயக்காமலே நடுக்கம் இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

ஐந்தாவதாக சோலனாய்டைக் கழற்றிப் பார்க்கலாம். தண்டு தடையின்றி நகர்கிறதா, வலையில் கசடோ உலோகத் துகளோ இருக்கிறதா? இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் ஒரே பாகம் பொருந்தும் எஞ்சின்களில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டலாம். குறியீடு மறுபக்கம் போனால் குற்றவாளி சோலனாய்டு. அதே இடத்தில் நின்றால் சோலனாய்டு மேல் பழி இல்லை. புதுப் பாகம் வாங்காமலே கிடைக்கும் தீர்ப்பு இது.

ஆறாவது, ஆயில் அழுத்தம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாததை வைத்து அழுத்தம் சரி என்று சொல்ல முடியாது. அந்த விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும். சென்சார் இடத்தில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, சூடான எஞ்சினில் ஐடிலிங்கிலும் ஓட்டத்திலும் அளக்க வேண்டும். 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ என்பது பட்டறைக் கணக்கு. இறுதி முடிவு அந்த எஞ்சினின் கையேட்டுக்கே உரியது. அழுத்தம் குறைவாக இருந்தால் பம்ப், சம்ப்புக்குள் இருக்கும் வலை, தேய்ந்த பேரிங் என்று விசாரணை வேறு திசையில் போக வேண்டும். அந்த நிலையில் புது ஃபேசர் போட்டாலும் பழுது போகாது.

கடைசியாக, எஞ்சினைப் பிரிக்கும் முன் ஆசிலோஸ்கோப். கிராங்க், கேம் சென்சார்களின் அலைகளை ஒரே திரையில் வைத்து, நல்ல எஞ்சினின் அலையோடு ஒப்பிடலாம். கிராங்க் சென்சாரின் பல்சக்கரத்தில் 36 பல் இடங்கள் என்றால் ஒரு பல் 10 பாகை; 60 என்றால் 6 பாகை. பற்களை எண்ணியே செயின் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதற்குப் பிறகு கவரைத் திறப்பவர், தான் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே திறக்கிறார்.

வாதங்கள்

இந்தத் துறையில் இன்னும் முடியாத வாதங்கள் சில உண்டு. முதலாவது, சோலனாய்டைக் கழுவினால் போதுமா, மாற்ற வேண்டுமா என்பது. படிந்த கசடால் தண்டு சிக்கியிருந்தால் கழுவுவது உண்மையாகவே பலன் தரும். சுருள் பழுதானாலோ உட்சுவர் தேய்ந்திருந்தாலோ கழுவுவது சில நாள் தள்ளிப்போடுவதாகும். மின்தடையும் தண்டின் நகர்வும் சரியாக இருந்தால் கழுவலாம், இல்லையென்றால் மாற்றலாம். ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது வாதம், எஞ்சின் ஃப்ளஷ். கசடு குறைவாக உள்ள எஞ்சினில் அது பெரிய தீங்கு செய்யாது. பல ஆண்டுக் கசடு படிந்த எஞ்சினில், ஒரே நேரத்தில் பெயர்ந்து வரும் கட்டிகள் சம்ப் வலையையும் வி.வி.டி வலையையும் அடைக்கக்கூடும். அத்தகைய எஞ்சினுக்கு நல்ல ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றிக் கசடை மெல்ல மெல்லக் கரைப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

மூன்றாவது, ஃபேசரைப் பிரித்துச் சரிசெய்வது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதை முழுப் பாகமாகவே விற்கிறார்கள். பிரிக்கக் கூடாது என்றே கையேடுகள் எச்சரிக்கின்றன. பி.எம்.டபிள்யூவின் பழைய வானோஸ் இதற்கு விலக்கு. அதன் பிஸ்டன்களில் உள்ள ரப்பர் வளையங்கள் சூட்டில் இறுகி ஆயிலைக் கசியவிடும். வளையங்களை மட்டும் மாற்றிப் பழைய இழுவையை மீட்டவர்கள் ஏராளம். ஓர் எஞ்சினில் சரியான வழி இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

சரிசெய்யும் வேலையில் கவனிக்க வேண்டியவை

ஃபேசரோ செயினோ மாற்ற வேண்டும் என்று உறுதியானால், வேலையின் துல்லியம் பாகத்தின் தரத்துக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது. கேம்ஷாஃப்டைப் பூட்டும் உரிய கருவி இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்கக் கூடாது. ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகைப் போல்ட்டுகளுக்குப் புதியதே போட வேண்டும். ஃபோர்டு டியூராடெக், மாஸ்டா எல் வரிசை எஞ்சின்களில் கிராங்க் சக்கரம் நழுவாமல் பிடிக்கும் சாவி (கீ) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. மற்ற எஞ்சின்களில் பழகிய கையோடு அந்த போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் முழுவதும் போய்விடும்.

செயின் கைடு உடைந்திருந்தால் அதன் பிளாஸ்டிக் துண்டுகள் சம்ப்பில் கிடக்கும். சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யாமல் மூடுவது, அடுத்த பழுதை உள்ளே வைத்து மூடுவதாகும். டென்ஷனரும் கைடும் பழையதாக இருக்கச் செயினை மட்டும் மாற்றுவதும் அப்படித்தான்.

ஹோண்டாவின் விடெக்கில் ஆயில் அளவு குறைந்தாலோ, சோலனாய்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டின் வலை அடைத்தாலோ கேம் மாற்றம் நிகழாது. அங்கேயும் முதல் சோதனை டிப்ஸ்டிக்தான். ஆயிலை நம்பியிருப்பதன் எல்லையைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்தார்கள். 2006-இல் லெக்சஸ் எல்.எஸ் 460 காரில் டொயோட்டா இன்டேக் கேமை மின்மோட்டாரால் திருப்பியது; ஆயில் குளிர்ந்திருந்தாலும் அழுத்தம் குறைந்திருந்தாலும் அது இயங்கும். ஆனால் நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இன்னும் ஆயிலின் தயவில்தான் இருக்கின்றன.

முடிவாக

வி.வி.டி பழுதுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இந்த அமைப்பு அவ்வளவு எளிதில் கெடும் அமைப்பு அல்ல. உரிய தரத்தில் உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட எஞ்சின்களில் ஃபேசர்கள் நெடுங்காலம் உழைக்கின்றன. சில நூறு ரூபாய் மிச்சம் என்று தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம் பல ஆயிரம் ரூபாய்ச் செலவாகத் திரும்பி வருகிறது. அளக்காமல் மாற்றப்படும் பாகம் அந்தச் செலவை இரட்டிப்பாக்குகிறது.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வி.வி.டி பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், மாற்றுவதற்கு முன் இரண்டு எண்களைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்: வேண்டிய கோணம், உண்மைக் கோணம். ஆயில் அழுத்தத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்து, எஞ்சின் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, அதே இரண்டு எண்களை மறுபடியும் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் பழுது நீங்கியது. ஒத்துவராவிட்டால் எவ்வளவு புதிய பாகம் போட்டிருந்தாலும் வேலை முடியவில்லை.